தண்டர்பேர்ட்ஸ் வென்றது இரண்டா, நாலா, ஆறா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும். அடிலெய்டுக்குக் குடிவந்திருக்கிறீர்கள். மகள் பள்ளியில் வலைப்பந்தாட்டம் ஆடத் தொடங்கியிருக்கிறாள். அவளுக்கு அடிலெய்ட் தண்டர்பேர்ட்ஸ்தான் எல்லாம். அந்த அணி எத்தனை முறை சம்பியன் ஆனது என்று தேடினால் ஓரிடத்தில் இரண்டு, இன்னோரிடத்தில் நாலு, வேறோரிடத்தில் ஆறு என்று இருக்கிறது. எது சரி, அவள் சொல்வதுபோல அவுஸ்திரேலியாவின் தலைசிறந்த அணி அதுதானா என்பது கேள்வி. இரண்டும் ஒரே கேள்விபோலத் தெரிந்தாலும் முதலாவதற்கு ஒரே பதில்தான் உண்டு. இரண்டாவது, எதை எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. நான் பல வருடங்கள் கழக மட்டத்தில் நடுவராகவும் பின்பு பயிற்றுநராகவும் இருந்தவள். தொழில்முறை அணி எதற்குள்ளும் வேலை செய்ததில்லை. ஆகவே முடிவுகளையும் மைதானத்தில் கண்ணுக்குத் தெரிவதையும் பற்றி உறுதியாகச் சொல்வேன். ஏன் வென்றார்கள், ஏன் சரிந்தார்கள் என்பதில் நான் சொல்வது என் கணிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்ணிக்கை. மொத்தம் ஆறு: 1998, 1999, 2010, 2013, 2023, 2024. குழப்பம் எங்கே வருகிறது என்றால், இந்த ஆறும் மூன்று வெவ்வேறு தொடர்களில் வந்தவை, ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு. 1997 முதல் 2007 வரை அவுஸ்திரேலியாவின் தேசியத் தொடர் கொமன்வெல்த் பாங்க் டிராபி. அது முடிந்ததும் 2008 முதல் 2016 வரை அவுஸ்திரேலியாவின் ஐந்து அணிகளும் நியூசிலாந்தின் ஐந்து அணிகளும் சேர்ந்து ஆடிய ஏஎன்இசட் சம்பியன்ஷிப். அப்புறம் இரண்டு நாடுகளும் பிரிந்துபோக, 2017 முதல் எட்டு அவுஸ்திரேலிய அணிகளின் சூப்பர் நெட்பால். இப்போதைய தொடரை மட்டும் எண்ணுகிறவர் இரண்டு என்பார். 2008க்குப் பிந்தியதை எண்ணுகிறவர் நாலு என்பார். அணி தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் ஆறு. மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் 'இதுவரை எத்தனை பட்டம்' என்று கேட்டால் ஆறு என்பதே நேர்மையான பதில்.

இதில் இன்னொன்றும் உறுதி. இந்த மூன்று தொடர்களிலும் ஒரே பெயரோடு ஆடிப் பட்டம் வென்ற அணி தண்டர்பேர்ட்ஸ் மட்டும்தான். 1997இல் தொடங்கிய எட்டு அணிகளில் அதே பெயரோடு இன்றும் ஆடுபவை இரண்டே. மற்றது குயின்ஸ்லாந்து ஃபயர்பேர்ட்ஸ். அவர்களுடைய மூன்று பட்டங்களும் (2011, 2015, 2016) நடுத்தொடரிலேயே வந்தவை. அடிலெய்டுக்கே அப்போது இரண்டு அணிகள் இருந்தன. மற்ற அணியான அடிலெய்ட் ரேவன்ஸ் 2002உடன் மறைந்துவிட்டது. சிட்னி, மெல்பேர்ண் அணிகளோ 2008இல் புதுத்தொடர் வந்தபோது இணைக்கப்பட்டு வேறு பெயர் பெற்றன. மெல்பேர்ண் ஃபீனிக்ஸும் கெஸ்ட்ரல்ஸும் சேர்ந்து விக்சன்ஸ் ஆனது. சிட்னி ஸ்விஃப்ட்ஸும் ஹண்டர் ஜேகர்ஸும் சேர்ந்து நியூ சவுத் வேல்ஸ் ஸ்விஃப்ட்ஸ் ஆனது.

மகள் சொல்வதில் சிக்கல் வருவது இந்த இணைப்பால்தான். சிட்னி ஸ்விஃப்ட்ஸ் 2001, 2004, 2006, 2007 என நாலு முறை வென்றது. இணைந்த பிறகு 2008, 2019, 2021 என மூன்று. இரண்டையும் ஒரே அணி என்று பார்த்தால் ஏழு, அதாவது அடிலெய்டைவிட ஒன்று கூட. மெல்பேர்ணிலும் இதே கதைதான்: ஃபீனிக்ஸ் 1997, 2000, 2002, 2003, 2005 என ஐந்து, விக்சன்ஸ் 2009, 2014, 2020, 2025 என நாலு. சேர்த்தால் ஒன்பது. ஆனால் கெஸ்ட்ரல்ஸின் ரசிகர்களிடம் போய் 'ஃபீனிக்ஸின் பட்டங்களும் உங்களுடையவைதான்' என்று சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்வார்களா? என் பார்வையில் மெல்பேர்ணைச் சேர்த்து எண்ணக்கூடாது, ஸ்விஃப்ட்ஸைச் சேர்க்கலாம். பெயர், நிறம், நகரம் மூன்றும் பெரும்பாலும் தொடர்ந்தன என்பதே காரணம். இதை மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடமும் நியாயம் இருக்கிறது. ஆக, 'பெயர் மாறாத அணிகளில் முதலாவது' என்று மகள் தைரியமாகச் சொல்லலாம். 'எல்லாரிலும் முதலாவது' என்றால் சிட்னிக்காரர் சண்டைக்கு வருவார்.

சரி, எண்ணிக்கையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். தொடக்க காலத்தைப் பற்றிப் பலர் 'இரண்டு பட்டம்' என்று ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். அந்த அணி எவ்வளவு வலிமையாக இருந்தது என்பது அந்த வரியில் தெரியாது. மார்ஜ் ஆங்கோவ் பயிற்றுவித்த அந்த அணியில் கத்ரின் ஹார்பி-வில்லியம்ஸ் போன்ற, பின்னாளில் அவுஸ்திரேலிய அணிக்கே தலைமை தாங்கிய வீராங்கனைகள் இருந்தார்கள். 1997 முதல் 2003 வரை ஏழு வருடங்களும் தொடர்ச்சியாக இறுதிப்போட்டிக்குப் போனார்கள். வென்றது இரண்டு, தோற்றது ஐந்து. 1997, 2000, 2002, 2003 ஆகிய நாலிலும் ஃபீனிக்ஸிடமே தோற்றார்கள். 2006இல் இன்னொரு இறுதிப்போட்டி, அதில் ஸ்விஃப்ட்ஸிடம் தோல்வி. பட்டங்களை மட்டும் பார்த்தால் இது ஃபீனிக்ஸின் காலம். ஆனால் ஒவ்வொரு வருடமும் கடைசி நாளில் களத்தில் நின்ற இரண்டு அணிகளில் ஒன்று எது என்று பார்த்தால் அடிலெய்டின் காலம். விளையாட்டு வரலாற்றை வென்றவர்களின் பட்டியலாக மட்டும் படிப்பது எனக்கு ஒருபோதும் ஒத்துவராதது இதனால்தான்.

2008இல் நியூசிலாந்து அணிகளும் சேர்ந்த பிறகு ஜேன் வூட்லண்ட்ஸ்-தொம்சன் பயிற்றுநர். தலைவி நட்டலி வொன் பெர்ட்டோக், நடுக்கள வீராங்கனை. ஆட்டத்தின் வேகத்தையே தன் கையில் வைத்திருப்பவர். தேசிய அணிக்கும் தலைமை தாங்கினார். அவருடைய சகோதரி லோராவும் இதே அணியில் ஆடியவர்தான். 2009 இறுதிப்போட்டியில் மெல்பேர்ணில் விக்சன்ஸிடம் 54–46 என்று தோற்றார்கள். அடுத்த வருடம் சொந்த மண்ணில், மைல் எண்ட் பகுதியில் உள்ள அந்தச் சின்ன அரங்கில், நியூசிலாந்தின் வைகாட்டோ பே ஆஃப் பிளென்டி மேஜிக்கை 52–42 என்று வென்றார்கள். 2013இல் அதே அரங்கில் ஃபயர்பேர்ட்ஸை 50–48. இடையில் அரங்கின் விளம்பரப் பெயர் மாறிவிட்டதால் இரண்டும் வெவ்வேறு இடங்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். இடம் ஒன்றுதான். இரண்டு வெற்றிகளிலும் கோல் போட்டவர்களில் முக்கியமானவர் ஜமெய்க்காவில் பிறந்த கார்லா பொரேகோ. இரண்டாவது வெற்றியில் அவரோடு எரின் பெல்லும் நின்றார். அந்தச் சீசனோடு வொன் பெர்ட்டோக் ஓய்வு பெற்றார்.

அதற்குப் பிறகுதான் சரிவு. 2014இலிருந்து அணி மெல்ல மெல்லக் கீழே இறங்கி, 2017இல் புதுத்தொடரின் முதல் சீசனிலேயே கடைசி இடத்துக்கு வந்தது. 2018இல் இன்னும் மோசம்: 14 ஆட்டங்கள், ஒன்றிலும் வெற்றி இல்லை. காரணம் என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பயிற்றுநரைக் குறை சொல்கிறவர்கள் அதிகம். எனக்கு அது சரியாகப்படவில்லை. அப்போது பயிற்றுநராக இருந்த டான் ரயன்தான் 2022இல் வெஸ்ட் கோஸ்ட் ஃபீவரைச் சம்பியன் ஆக்கினார். நாலு வருடத்தில் ஒருவருக்கு ஆட்டம் புரியத் தொடங்கியது என்று சொல்ல முடியாது. 2017இல் மூன்று புதிய அணிகள் முளைத்தன: சன்ஷைன் கோஸ்ட் லைட்னிங், ஜயண்ட்ஸ், கொலிங்வுட் மேக்பைஸ். மூன்றுக்கும் பின்னால் ரக்பி லீக், அவுஸ்திரேலியன் ஃபுட்பால் கழகங்களின் பணமும் வசதியும் இருந்தன. ஐந்து அணிகளுக்குப் போதுமானதாக இருந்த முன்னணி வீராங்கனைகள் எட்டு அணிகளுக்குப் பிரிந்தபோது, அடிலெய்ட் அந்தப் போட்டியில் பின்தங்கியது. இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. அணியின் உள்நிர்வாகத்தில் என்ன நடந்தது என்பதைப் பற்றி வெளியிலிருந்து பேசுவதில் பயனில்லை.

மீட்சி எப்போது தொடங்கியது? பட்டம் வந்தது 2023இல் என்றாலும் 2019இல் என்பேன். அந்த வருடம் ஜமெய்க்காவின் கோல் கீப்பர், அதாவது வளையத்தருகே நிற்கும் கடைசித் தடுப்பாளர், ஷமேரா ஸ்டெர்லிங் அணிக்கு வந்தார். பின்பு ஸ்டெர்லிங்-ஹம்ப்ரி என்ற பெயரில் ஆடினார். அணி உடனே உயர்ந்துவிடவில்லை. அதே 2019 சீசனில் டானியா ஒப்ஸ்ட் பயிற்றுநர் ஆன பிறகும் மூன்று நாலு வருடம் பிடித்தது. ஆனால் எதைச் சுற்றி அணியைக் கட்டப்போகிறார்கள் என்பது அன்றே முடிவாகிவிட்டது.

ஆட்டம் பழக்கமில்லாத வாசகர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். வலைப்பந்தாட்டத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. பிடித்தால் மூன்று விநாடிக்குள் கொடுத்துவிட வேண்டும். ஏழு பேரில் கோல் போடும் உரிமை இருவருக்கு மட்டுமே. 3.05 மீட்டர் உயரத்தில் வளையம், பின்னால் பலகை கிடையாது. தடுப்பவர் பந்து வைத்திருப்பவரிடமிருந்து 0.9 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், உடலில் இடிக்கக் கூடாது. நல்ல உயரமான ஒருவர் வளையத்துக்குக் கீழே பந்தைப் பிடித்துவிட்டால் பெரும்பாலும் அது கோல்தான். ஆகவே உண்மையான தடுப்பு என்பது பந்து அங்கே போய்ச் சேருமுன் நடக்க வேண்டும். பெரும்பாலான தடுப்பாளர்கள் எதிராளியின் முதுகோடு ஒட்டிக்கொண்டு திரிவார்கள். ஸ்டெர்லிங் அப்படியல்ல. கொஞ்சம் தள்ளி நின்று இடம் விடுவார். பந்தைக் கொடுப்பவர் 'ஆள் தனியாக நிற்கிறாள்' என்று நம்பிக் கொடுப்பார். கொடுத்த பிறகுதான் அந்த நீண்ட கை எங்கிருந்தோ வரும். நடுவராக நின்று பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இப்படி ஆடுபவருக்குத் தப்பு விசில் ஊதுவதும் கஷ்டம், ஏனென்றால் அவர் யாரையும் தொடுவதில்லை.

2020இல் வந்த இன்னொரு மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கால் பகுதியிலும் கடைசி ஐந்து நிமிடத்தில், வளையத்திலிருந்து 3 மீட்டருக்கு அப்பால் கோல் வட்டத்துக்குள் நின்று போட்டால் இரண்டு புள்ளி. இதை சூப்பர் ஷொட் என்கிறார்கள். சீசன் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது இதை அறிவித்தார்கள், வீராங்கனைகளும் ரசிகர்களும் கொதித்தெழுந்தார்கள். எனக்கும் இன்றுவரை பிடிக்கவில்லை. கிட்டே வேலை செய்து பந்தை எடுப்பதுதான் இந்த ஆட்டத்தின் அழகு என்று நினைக்கிறேன். ஆனால் இந்த விதியால் தடுப்பை விட்டுவிட்டுத் தாக்குதலில் மட்டும் எல்லாரும் கவனம் வைப்பார்கள் என்று பலர் சொன்னது நடக்கவில்லை. அதற்கு நல்ல சாட்சி தண்டர்பேர்ட்ஸ்.

எண்களைப் பாருங்கள். சூப்பர் ஷொட் வந்த பிறகு 2020 இறுதிப்போட்டி 66–64, 2021இல் 63–59, 2022இல் 70–59. பிறகு 2023 ஜூலையில் மெல்பேர்ணின் ஜோன் கெய்ன் அரங்கில் தண்டர்பேர்ட்ஸும் ஸ்விஃப்ட்ஸும். வழக்கமான நேரத்தில் சமநிலை, கூடுதல் நேரம் ஆடியும் முடிவு 60–59தான். அடுத்த வருடம் ஓகஸ்டில் அடிலெய்ட் என்டர்டெயின்மென்ட் சென்டரில் விக்சன்ஸுக்கு எதிராக 59–57. நீண்ட நேரம் ஆடியும், இரண்டு புள்ளி வாய்ப்பு இருந்தும், அடிலெய்ட் ஆடிய இறுதிப்போட்டிகளில் எதிரணி அறுபதைத் தொடவில்லை. இது தற்செயலா? இரண்டே ஆட்டங்களை வைத்து நிரூபிக்க முடியாது. குறைந்த கோல் எண்ணிக்கைக்குத் தங்கள் பக்கத் தாக்குதல் தடுமாறியதும் காரணமாக இருக்கலாம், 2023இல் சில கட்டங்களில் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் ஸ்டெர்லிங், லட்டான்யா வில்சன், மட்டில்டா கரெட் மூவரும் இருந்த அந்தப் பின்களம்தான் வித்தியாசம் என்று பந்தயம் கட்டச் சொன்னால் கட்டுவேன்.

மற்றவர்களை மறந்துவிடக் கூடாது. தலைவி ஹானா பெட்டி, தோல்வி மட்டுமே கண்ட வருடங்களிலிருந்து அணியோடு இருந்தவர். ஜோர்ஜி ஹோர்ஜஸ் தெற்கு அவுஸ்திரேலியாவிலேயே வளர்ந்தவர், தூரத்திலிருந்து சூப்பர் ஷொட் போடுவதில் தேர்ந்தவர். மெய்ஸி நான்கிவெல் கிரிக்கெட்டும் ஆடியவர், அடிலெய்ட் ஸ்ட்ரைக்கர்ஸ் அணியில் பெயர் பார்த்திருப்பீர்கள். 2023இல் வளையத்துக்குக் கீழே நின்றவர் இங்கிலாந்தின் எலினோர் கார்ட்வெல். அவர் அடுத்த வருடம் புதிதாக வந்த மெல்பேர்ண் மேவ்ரிக்ஸுக்குப் போய்விட, அந்த இடத்துக்கு ஃபயர்பேர்ட்ஸில் பல வருடங்கள் ஆடிய ஜமெய்க்காவின் ரொமெல்டா எய்க்கன்-ஜோர்ஜ் வந்தார். முன்னால் நின்று கோல் போடும் ஆளையே மாற்றிவிட்டு மறுபடியும் பட்டம் வெல்வது சாதாரணமல்ல. பின்களம் மாறாமல் இருந்ததால்தான் முடிந்தது என்பது மேலே சொன்ன கணிப்புக்கு இன்னொரு ஆதாரம்.

எய்க்கன்-ஜோர்ஜின் உயரம் 196 சென்டிமீட்டர். நம்மவர்களுக்கு உடனே தர்ஜினி சிவலிங்கம் நினைவுக்கு வருவார், அவர் 208. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இலங்கை அணியின் முதுகெலும்பாக இருந்தவர். மெல்பேர்ணில் சிட்டி வெஸ்ட் ஃபால்கன்ஸ் அணிக்காக விக்டோரியா மாநிலத் தொடரிலும் ஆடினார். 2019 உலகக் கிண்ணத்தில் அதிக கோல் போட்டவர் அவர்தான். அந்த உயரம் உள்ள ஒருவரைத் தடுக்க முடியாது என்று ஆசியத் தொடர்களில் எல்லாரும் கைவிரித்துவிடுவார்கள். ஆனால் ஜமெய்க்கா, அவுஸ்திரேலியா மட்டத்து அணிகள் அவரைத் தடுக்க முயல்வதே இல்லை. அவருக்குப் பந்து கொடுப்பவரைத் தடுப்பார்கள். 2023 உலகக் கிண்ணத்தில் இலங்கையும் ஜமெய்க்காவும் ஒரே பிரிவில் இருந்தன. அந்த ஆட்டத்தில் ஜமெய்க்கா நூறு கோலைத் தாண்டியது. தொழில்முறைத் தொடரில் வாராவாரம் ஆடுகிறவர்களுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள தூரம் அவ்வளவு.

மகளின் கூற்றுக்குத் திரும்பினால், பட்ட எண்ணிக்கையைவிட என்னைக் கவர்வது வேறொன்று. கடைசியாக வென்ற மூன்று இறுதிப்போட்டிகளின் வித்தியாசங்களைக் கூட்டுங்கள்: 2013இல் இரண்டு, 2023இல் ஒன்று, 2024இல் இரண்டு. மொத்தம் ஐந்து கோல். மூன்று பட்டங்களுக்கு ஐந்து கோல்! அதிர்ஷ்டம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்திருந்தால் இன்று நாம் நாலு பட்டம் என்றோ ஐந்து என்றோ பேசிக்கொண்டிருப்போம். அதுபோலவே ஃபீனிக்ஸுக்கு எதிரான பழைய தோல்விகளில் ஒன்றிரண்டு மாறியிருந்தால் ஏழோ எட்டோ. ஆகவே ஆறுக்கும் ஏழுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து எந்த அணி சிறந்தது என்று தீர்ப்பு எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பதின்மூன்று இறுதிப்போட்டிகளுக்குப் போனது என்பது மட்டும் அதிர்ஷ்டத்தால் வராது.

நீங்கள் நேரில் பார்க்கப் போவதானால் ஒரு விஷயம் கவனியுங்கள். இறுதிப்போட்டி எங்கே என்பது இப்போதெல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது, அணி எந்த இடத்தில் முடித்தாலும் அது மாறாது. 2023இல் சிட்னி அணியும் அடிலெய்ட் அணியும் மெல்பேர்ணில் மோதியது அப்படித்தான். வழக்கமான ஆட்டங்களுக்கு வளையத்துக்குப் பின்னால் இருக்கை கிடைத்தால் எடுங்கள், நடுவில் உட்கார்ந்தால் தடுப்பாட்டம் தெரியாது. வீட்டில் 2023 இறுதிப்போட்டியின் பதிவைப் பார்ப்பீர்களானால் நேரே நான்காவது கால் பகுதிக்குப் போய், பந்தை விட்டுவிட்டு ஸ்டெர்லிங்கின் கால்களை மட்டும் பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். மகள் தடுப்பு இடத்தில் ஆடுகிறாள் என்றால் எந்தப் பயிற்சி முகாமிலும் கிடைக்காத பாடம் அதில் இருக்கிறது. கோல் போடுகிற இடத்தில் ஆடுகிறாள் என்றாலும் பரவாயில்லை, தன் எதிரில் நிற்பவள் எப்போது பொய்யாக இடம் விடுகிறாள் என்று தெரிந்துகொள்வாள்.